பெரியவருக்கு வந்த இரண்டு நோய்

பெரியவர் சாய்ந்துவிட்டார்.

சமையலறை ஜன்னலோரத்தில் இத்தனை நாளாக விறைப்பாக நின்றவர், சனிக்கிழமை காலையில் பார்த்தால் கண்ணாடியில் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். வண்டி எப்போது வரும் என்று கேட்கக்கூடத் தெம்பில்லாத பயணியைப் போல.

பெரியவர் யாரென்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் கேட்பீர்கள். மனிதர் இல்லை, கள்ளிச்செடி. முழங்கை உயரத்துக்கு ஒற்றைத் தண்டு. அடியிலிருந்து நுனி வரை வெள்ளை வெளேரென்று நீள முடி. அந்த முடிக்குள் விரலை விட்டால்தான் முள் இருப்பதே தெரியும். மிளகின் அம்மா அதை விரல் அளவில் வாங்கி வந்து, பெரியவர் என்று பேரும் வைத்து வளர்த்தாள். வளர்த்தவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பெரியவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

மிளகு அந்த வீட்டு ஒரே மகள். ஆள் சின்னது, காரம் பெரிது, அதனால் அந்தப் பேர். அப்பா லிப்ட் பழுது பார்க்கிறவர். அவர் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் நம் சுருட்டை. பார்லரில் முடி வெட்டுகிறவள். ஊரார் தலையையெல்லாம் நேராக்கிவிட்டுத் தன் தலையைச் சுருட்டையாகவே வைத்திருந்ததால் வேலை செய்கிற இடத்தில் வைத்த பேர், வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

சுருட்டை வந்த நாளிலேயே மிளகு அவளைச் சித்தி என்று கூப்பிட்டுவிட்டாள். அதில் குறை வைக்கவில்லை. ஆனால் தன் பொருள் ஒன்றையும் சித்தி கையில் கொடுத்ததில்லை. தன் துணியைத் தானே துவைத்தாள், தன் தட்டைத் தானே கழுவினாள். வெளியூர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிற வேலை கிடைத்துக் கிளம்பிய அன்றுதான், வாசல் வரை போனவள் திரும்பி வந்து சொன்னாள்: "சித்தி, பெரியவர நீங்க பாத்துக்கங்க."

அப்பாவிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லவில்லை. சித்தியிடம் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தையைச் சுருட்டை இத்தனை மாதமாக மடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். போன வாரம் மிளகு போன் செய்து, "ரெண்டு நாள் லீவுல சனிக்கிழமை சாயந்தரம் வர்றேன். பெரியவர் எப்படி இருக்காரு?" என்று கேட்டபோது, "ஜம்முனு இருக்காரு. முடிகூட முன்னைக்கு அடர்த்தி" என்று பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை இதுதான்.

சுருட்டை குழந்தைகளுக்கு வாரும் மெத்தென்ற பிரஷ்ஷை எடுத்தாள். வாராவாரம் பெரியவருக்குத் தலை வாரிவிடுவது அவள் வழக்கம். இன்று பிரஷ் நகர மறுத்தது. பிசுபிசு என்று ஒட்டியது.

முடியை வகிடு பிரித்துப் பார்த்தாள். தண்டின் பள்ளங்களில் பஞ்சைக் கிள்ளி வைத்தாற்போல வெள்ளைத் திட்டுகள்.

ஆயிரம் தலை பார்த்த கண் அது. முடி என்றால் அடியிலிருந்து வரும், நுனியில் மெலியும். இது அடியிலிருந்தும் வரவில்லை, நுனியும் இல்லை. நகத்தால் ஒன்றைக் கிள்ளினாள். சதக்கென்று நசுங்கி, செம்பழுப்பாய் ஒரு கறை. பக்கத்தில் இருந்தது மெல்ல நகர்ந்தது. அதற்குக் கால் இருந்தது.

"என்னங்க! ஓடியாங்க!"

லிப்ட்காரர் வாய் நிறையப் பல்பொடி நுரையோடு வந்து நின்றார்.

"பெரியவருக்குப் பேன்."

அவர் நுரையைத் துப்பிவிட்டு வந்தார். "செடிக்குப் பேனா? உனக்குக் கனவுலகூட தலதான் வருமா?"

"நல்லாப் பாருங்க. எறும்பு சாரை சாரையா வந்துச்சே, நீங்ககூட சட்டியச் சுத்தி எறும்பு சாக்பீஸ்ல கோடு போட்டீங்களே."

"எறும்புக்குத்தான போட்டேன். பேனுக்குப் போடச் சொல்லியிருந்தா பேனுக்கும் போட்டிருப்பேன்."

"விளையாடாதீங்க. அடியப் பாருங்க, பழுப்பா இருக்கு."

"வயசானா அடி பழுப்பாத்தான் இருக்கும். என் குதிகாலப் பாரு."

சுருட்டை கட்டைவிரலால் அடித்தண்டை லேசாக அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. நனைந்த சாக்கைத் திறந்தாற்போல ஒரு வாடை எழுந்தது.

லிப்ட்காரர் விரலையும் பார்க்கவில்லை, பெண்டாட்டி முகத்தையும் பார்க்கவில்லை. "வேலைக்கு நேரமாச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். இரண்டு இரண்டு படியாக இறங்கினார்.

---

லிப்ட்காரரின் அக்காவுக்குக் குடும்பத்தில் சமாளிப்பு என்று பேர். பாயசம் தீய்ந்தாலும் சமாளிப்பாள், சம்பந்தி கோபித்தாலும் சமாளிப்பாள். அடுத்த தெருதான். சுருட்டை போனை வைப்பதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது.

"எங்க நோயாளி?" என்றபடி வந்தவள், பெரியவரைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்தாள். "அடியே, இது நோயாளி இல்ல. இது சாவு வீடு."

"அண்ணி!"

"சரி சரி, தூக்கு. செடிக்கடைக்குப் போவோம்."

முடி வெட்டும்போது கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற துணியைக் கொண்டு பெரியவரைச் சுற்றி, வெள்ளைத் தலை மட்டும் வெளியே தெரிய, சுருட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். எதிரே வந்த ஒருவர் நின்று வழிவிட்டார். "பாவம், யாரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்கன்னு நெனச்சிட்டாரு" என்று சமாளிப்பு சிரித்தாள். சுருட்டைக்குச் சிரிப்பு வரவில்லை.

செடிக்கடை அம்மா முழங்கை வரை மண்ணோடு இருந்தாள். வணக்கம் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை. துணியை விலக்கிப் பார்த்தாள். முடிக்குள் இரண்டு விரலை விட்டாள். அடியை அழுத்தினாள். பிறகு செடியை அப்படியே சாய்த்து, மண்ணோடு வெளியே உருவினாள்.

"ரெண்டு நோய்" என்றாள். "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. மேல இருக்கறது மாவுப்பூச்சி. சாறு உறிஞ்சும், தேன் மாதிரி ஒரு பிசின் விடும். அந்தத் தித்திப்புக்குத்தான் எறும்பு வரும். எறும்பு வந்தா எறும்பத் தொரத்தக் கூடாதும்மா, அது எதுக்கு வந்துச்சுன்னு பாக்கணும்."

"முடின்னு நெனச்சேன்" என்றாள் சுருட்டை. "அடர்த்தியாகுதுன்னு நெனச்சு வாரி விட்டேன்."

செடிக்கடை அம்மா தலையை நிமிர்த்தினாள். "வாரி விட்டீங்களா? சீப்பு போட்டா?"

"பிரஷ்."

"நல்ல காரியம் பண்ணீங்க. ஒரு பள்ளத்துல இருந்தத வாரி வாரி ஊர் பூராக் குடி வெச்சிருக்கீங்க."

சுருட்டையின் முகம் சுண்டியது. பார்லரில் யாருக்காவது பேன் இருந்தால் அந்தச் சீப்பை இன்னொரு தலையில் வைக்க மாட்டாள் அவள். அந்த ஒழுங்கு அவளுக்கு மூச்சு மாதிரி. இங்கே என்ன ஆயிற்று? அன்பு கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

"கீழ இருக்கறது அழுகல். பூஞ்சை. இந்தப் பாருங்க." வேர்கள் கருத்து, இழுத்தால் நூலாக வந்தன. வேரிலும் அரிசிக் குருணை போல வெள்ளைப் பூச்சி. அம்மா மண்ணைக் கையில் அள்ளிப் பிழிந்தாள். சொட்டியது. "யாரு தண்ணி ஊத்தறது?"

"நான்தான். அளவாத்தான் ஊத்தினேன், மாசத்துக்கு ரெண்டு தரம், அரை டம்ளர்."

"பொய் சொல்லாதீங்க. செடி சொல்லிடுது."

"சத்தியமா அவ்வளவுதான்."

சமாளிப்பு மெல்லக் கனைத்தாள். "நானும் வர்றப்போ ஒரு டம்ளர் ஊத்துவேன்."

"எப்ப வருவீங்க?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்." சமாளிப்பு முந்தானையைத் திருகினாள். "தாயில்லாத செடியாச்சே, நாமளும் கொஞ்சம் கவனிச்சா என்னன்னு..."

தாயில்லாத செடி. சொன்னவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை, சுருட்டைக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் குத்தாமல் இருக்குமா?

"அப்பவும் இவ்வளவு சொட்டாதே" என்று அம்மா வெளியிலிருந்த சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். நீல நிறத்தில் பளபளவென்று மின்னுகிற பீங்கான் சட்டி. "ஓட்டை எங்க?"

"ஓட்டை உள்சட்டியிலதான் இருக்கு. அது வெளிச்சட்டி. அவருக்கு எடுப்பா இருக்கட்டும்னு நான்தான் வாங்கினேன்."

"எடுப்பாத்தான் இருக்கு. கெணத்துல நிக்க வெச்சிருக்கீங்க மனுஷன."

சுருட்டை மெதுவாகக் கேட்டாள்: "பிழைப்பாரா?"

"அடி போச்சு. மேல பாதிய வெட்டி எடுத்தா வாய்ப்பு உண்டு. உறுதியெல்லாம் தர மாட்டேன், இந்த இனம் மறுபடி வேர் விடறதுக்கு ரொம்ப யோசிக்கும். வெட்டின முகத்துல நடுவுல ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்துல காபிக் கறை மாதிரி இருந்துச்சுன்னா நோய் அங்கயும் ஏறிடுச்சுன்னு அர்த்தம். இன்னும் மேல வெட்டணும். உரிச்ச வெள்ளரிக்கா மாதிரி வெளுப்பா வர்ற வரைக்கும் விடக் கூடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய ஸ்பிரிட்ல துடைக்கணும், இல்லாட்டி நோயக் கத்தியே மேல கொண்டுபோயிடும். அப்புறம் கந்தகத் தூள் தடவி, நிழல்ல காயப் போடணும். வெட்டுன எடம் தோல் மாதிரி காஞ்சப்புறம்தான் மணல்ல வைக்கணும். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது."

"எப்ப வெட்டணும்?"

"இன்னைக்கு. அது ஏறிக்கிட்டே இருக்கு. பக்கத்துல வேற செடி இருந்தா தள்ளி வைங்க, இலைக்கு அடியில பாருங்க."

கந்தகத் தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தபோது சமாளிப்பு சுருட்டையின் முழங்கையைக் கிள்ளினாள். "அங்க பாரு."

கடையின் மூலையில் இன்னொரு பெரியவர் நின்றார். அதே உயரம், அதே வெள்ளை முடி, இடது பக்கம் லேசாக ஒதுங்கின அதே வகிடு.

"எடுத்துட்டுப் போய் பழைய சட்டியில வெச்சிடு" என்று காதோடு சொன்னாள். "பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எத்தனை மாசமாச்சு பாத்து. மனசும் நோகாது, உன் பேரும் கெடாது. நான் வாயத் தெறக்கவே மாட்டேன்."

உங்களிடம் மறைப்பானேன், சுருட்டை அந்தச் செடி முன்னால் போய் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். விலையைக்கூடக் கேட்டாள். இதை ஜன்னலில் வைத்தால் சாயந்தரம் மிளகு சிரித்துக்கொண்டே உள்ளே வருவாள். அந்தச் சிரிப்பை அவள் மனசுக்குள் பார்த்தும்விட்டாள்.

பிறகு பின்வாங்கினாள்.

"ஏன்டி?"

"நான் எத்தனை பேருக்கு டோப்பா முடி வெச்சு விட்டிருக்கேன் அண்ணி. தெருவுல போறவங்களுக்குத் தெரியாது. வீட்ல இருக்கறவங்க பாத்ததும் கண்டுபிடிச்சிடுவாங்க. கண்டுபிடிச்சிட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதுதான் கொடுமை."

சமாளிப்பு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதல்முறையாக ஒன்றும் அகப்படாமல் வாயை மூடிக்கொண்டாள்.

---

மத்தியானம் லிப்ட்காரர் சாப்பிட வந்தார். மேசையில் துண்டு விரித்துப் பெரியவரைப் படுக்க வைத்திருந்தது. அவர் நாற்காலியை இழுத்து மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வெட்டணுமாம்" என்றாள் சுருட்டை. "மிளகுக்குப் போன் போடறேன், போகவே மாட்டேங்குது. வண்டில வந்துட்டு இருப்பா."

"வெட்டாத. அவ வரட்டும். நீ வெட்டினா நீதான் கொன்னேன்னு சொல்லிடுவா."

"கொன்னது நான்தானே. ஓட்டையில்லாத சட்டி வாங்கினேன், பூச்சிய வாரி விட்டேன். உங்க அக்கா வேற ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி ஊத்தியிருக்காங்க. அப்பவும் மண்ணுல அவ்வளவு ஈரம் எப்படி வந்துச்சுன்னு கடைக்கார அம்மாவுக்கே புரியல."

லிப்ட்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது போதும் என்று சோறே சொல்லியிருக்கும்.

"நானும் ஊத்தினேன்" என்றார்.

"என்னது?"

"விடியக்காலைல. நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி. சொம்புல மிச்சம் இருக்கற தண்ணி."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

சுருட்டைக்கு முதலில் விளங்கவில்லை. "நான் எந்திரிச்சப்புறம் ஊத்தினா என்ன? நான் என்ன கையப் பிடிச்சா இழுத்தேன்?"

"அது..." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவ வெச்ச செடி. உன் கண்ணு முன்னாடி நான் அதுக்குத் தண்ணி ஊத்திட்டு நின்னா, உனக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு."



சுருட்டை நினைத்துப் பார்த்தாள். தான் சொன்னாலொழிய ஜன்னல் பக்கம் இவர் திரும்பியே பார்க்காததை, பாவம், அவருக்கு அது துக்கமாயிருக்கிறது போல என்று அவள் எண்ணியிருந்தாள். அதனால் அவர் எதிரில் அவளும் பெரியவரைத் தொட்டதில்லை. இன்று காலைப் பதற்றத்தைத் தவிர, அவர் வேலைக்குப் போன பிறகுதான் பிரஷ்ஷையே எடுப்பாள். அக்காவோ தன்னிடமிருந்த மறுசாவியோடு இருவரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துபோயிருக்கிறாள். ஒருவர் மனசு நோகக் கூடாதென்று இன்னொருவர் பதுங்கிப் பதுங்கி, மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாயில்லாச் சீவனை மூழ்கடித்திருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏங்க, அவங்க வெச்ச செடிக்கு நீங்க தண்ணி ஊத்தினா நான் என்ன தேய்ஞ்சா போயிடுவேன்? அவங்க இருந்த வீட்டுக்குத்தானே வந்தேன். தெரிஞ்சுதானே வந்தேன்."

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா சொல்லணும். லிப்ட் நின்னுபோனா ஒவ்வொருத்தரும் தனித்தனியா பட்டன அமுக்கினா சரியாயிடுமா?"

"இன்னும் மோசமாத்தான் போகும்" என்று அந்த மனிதர் தொழில் முறையில் ஒப்புக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு அவர் கிளம்பினார். கதவு வரை போய், திரும்பி வந்து, பெரியவரின் முடியை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டுப் போனார். பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

---

சுருட்டை பார்லருக்குப் போன் செய்து இன்று வரவில்லை என்றாள். பிறகு முடி வெட்டும் சாமான் பெட்டியைத் திறந்தாள்.

மிளகு வரும்வரை வெட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். பயத்தினால் மட்டும் இல்லை. பார்லரில் அவளுக்கு ஒரு பழக்கம். தலை கழுவிவிட எவரையும் கேட்க மாட்டாள், கத்திரியை எடுத்தால் மட்டும் கண்ணாடி வழியே முகத்தைப் பார்த்து, "எவ்வளவு எடுக்கட்டும்?" என்று கேட்காமல் ஒரு முடி எடுக்க மாட்டாள். உரியவர் சொல்ல வேண்டும். இங்கே உரியவள் வந்துகொண்டிருக்கிறாள்.

கழுவலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

அழுகிப்போன வேர்களைக் கிள்ளி, பழைய மண்ணோடு பையில் கட்டி வெளியே வைத்தாள். முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து கிளிப் போட்டாள். மொத்தம் ஐந்தாறு இளஞ்சிவப்புக் கிளிப்புகள் பெரியவர் தலையில். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, பள்ளம் பள்ளமாக ஒற்றி எடுத்தாள். ஸ்பிரிட் பட்டதும் வெள்ளைப் பூச்சி பழுப்பாகிச் சுருங்கியது. முள் குத்திய இடமெல்லாம் எரிந்தது. குத்தட்டும் என்று விட்டாள். ஒரு பகுதி முடிந்தால் குச்சியை மாற்றினாள், அடுத்த கிளிப்பை அவிழ்த்தாள். சோப்புத் தண்ணீரில் முடியை அலசி, அடியில் நீர் இறங்காமல் தலைகீழாகப் பிடித்து, துண்டால் ஒற்றினாள். இந்த முறை அழகைப் பார்க்கவில்லை. பூச்சியைத்தான் பார்த்தாள்.

முக்கால்வாசி முடிந்திருந்தபோது வாசல் கதவு திறந்தது.

"சித்தி! பெரியவர் எங்க, ஜன்னல்ல காணோம்?"

மத்தியானம் முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் எங்கோ போய்விட்டன.

"மேசை மேல. வந்து பாரு. நல்லா இல்ல."

மிளகு தோளில் ஒரு பையோடு உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள். துண்டின் மேல் கிளிப் போட்டுக் கிடந்தவரையும், அந்தக் கருத்த அடியையும் பார்த்தாள். முகம் கையளவு ஆயிற்று.

"ஜம்முனு இருக்காருன்னு சொன்னீங்க."

"சொன்னேன். அப்படித்தான் நெனச்சேன். முடி அடர்த்தியாகுதுன்னு சந்தோஷப்பட்டேன். அது பூச்சி."

"நீங்க முடி வெட்டறவங்கதானே சித்தி." குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "உங்களுக்கே தெரியலையா?"

"தெரியல" என்றாள் சுருட்டை.

"அடி?"

"தண்ணி அதிகமாகி அழுகிடுச்சு. சட்டியில ஓட்டை இல்ல. அது நான் வாங்கினது."

"தண்ணி யாரு ஊத்தினா?"

"எல்லாரும். ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. நான், உன் அத்தை, உங்க அப்பா."

மிளகு நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாவா? அவர் அது பக்கமே திரும்ப மாட்டாரே. அம்மா செடின்னு ஒண்ணு இருக்கறதே அவருக்கு ஞாபகம் இல்லைன்னு..." நிறுத்தினாள்.

"தெனமும் ஊத்தியிருக்காரு. விடியக்காலைல, நான் தூங்கறப்ப."

"தெனமுமா? கள்ளிக்கா?"

"கள்ளிக்குத்தான்."

மிளகு நாற்காலியில் உட்கார்ந்தாள். உதட்டைக் கடித்தாள். அழப்போகிறாள் என்று சுருட்டை நினைத்தாள். அவள் மூக்கு வழியாகச் சிரித்தாள். அதுவும் சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாது. "முட்டாள் அப்பா" என்றாள். அதை அவ்வளவு பிரியமாக யாரும் சொல்லி சுருட்டை கேட்டதில்லை.

சுருட்டை கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தாள். நோய் மேலே ஏறுவதையும், வளையத்தையும், வேர் விடாமலே போகலாம் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எவ்வளவு எடுக்கட்டும்?"

 மிளகு இரண்டு கையாலும் பெரியவரை, முடியோடு முள்ளோடு சேர்த்துத் துண்டில் சுற்றிப் பிடித்தாள். "கெட்டது போற வரைக்கும்."

முதல் வெட்டு. வளையம் முழுக்கக் காபி நிறம். கத்தியைத் துடைத்தாள்.

இரண்டாவது வெட்டு. பாதி வளையம் தெளிந்திருந்தது, பாதி தெளியவில்லை. துடைத்தாள்.

மூன்றாவது வெட்டில் வெளுப்பு வந்துவிட்டது. ஓரத்தில் மட்டும், ஊசி முனை அளவுக்கு ஒரு துருப்புள்ளி. மிச்சம் இருந்தது ஒரு சாண்தான். சுருட்டையின் கை தயங்கியது. இதற்குமேல் எடுத்தால் என்ன இருக்கும்? மணலில் ஊன்றத்தான் உயரம் இருக்குமா?

"சின்னப் புள்ளிதான். இதோட விட்டுடலாமா?" என்றாள்.

"அந்தப் புள்ளி ஏறுமா?"

"ஏறலாம்."

"அப்ப எடுங்க சித்தி." மிளகு பிடியைத் தளர்த்தவில்லை. "கொஞ்சமா இருக்கட்டும்னு விட்டு வெச்சா அப்புறம் அதுதான் மொத்தமும் ஆகும்."

அதைச் செடியைப் பற்றி மட்டும் சொன்னாளா என்று சுருட்டைக்கு ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை. வெட்டினாள்.

நாலாவது முகம் சுத்தமாக, ஈரமாக, உரித்த வெள்ளரிக்காய் போல மின்னியது. இருவரும் தலையோடு தலை முட்ட விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கறை இல்லை. புள்ளி இல்லை.

"வந்துடுச்சு" என்று மிளகு கிசுகிசுத்தாள்.

கந்தகத் தூளைத் தடவும்போது இருவருக்கும் தும்மல் வந்தது. மிளகின் மூக்கில் மஞ்சள். ஒரு காலி டம்ளரின் விளிம்பில், வெட்டு முகம் எதிலும் படாமல், பெரியவரின் மிச்சத்தை நிற்க வைத்தார்கள். தலையும் தாடியும் மட்டும் இருந்தது. கொஞ்சம் கோமாளி மாதிரிகூட இருந்தார்.

"காய எத்தனை நாளாகும்?"

"வாரக்கணக்குல ஆகுமாம். அதுவரைக்கும் யாரும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. உன் அத்தையத்தான் நெனச்சா பயமா இருக்கு."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் மிளகு. "தெனமும் நானே பாக்கறேன். நீங்க கூட இருங்க, எனக்குத் தெரியாதத சொல்லுங்க."

"நீ திங்கக்கிழமை கிளம்பணுமே."

மிளகு டம்ளரை நிழலுக்கு நகர்த்தினாள். சரியாகத்தான் இருந்தது, இன்னும் ஒரு விரல் நகர்த்தினாள்.

படியில் மூச்சிரைப்பு கேட்டது. லிப்ட்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மகளைப் பார்த்து முகம் மலர்ந்தது. டம்ளரைப் பார்த்துச் சிறுத்தது. கடைசியில் குழப்பத்தில் வந்து நின்றது.

"ஏம்மா, கீழ காவலாளி ரூம்ல நாலு பெட்டி கெடக்கு. மேசை விளக்கு, தலகாணி, உன் பாத்திரமெல்லாம் இருக்கு. கேட்டா உங்க பொண்ணோடதுதான்ங்கறான்." அவர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "ரெண்டு நாள் லீவுக்குத் தலகாணி எதுக்கு? அச்சக வேலை என்னாச்சு?"



மிளகு பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கத்தியை இன்னொரு தரம் துடைக்கத் தொடங்கினாள்.